தனியே பேசியதற்குத் தண்டனையா?

அன்புள்ள ஐயா,

2014இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங்கை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வெளியேற்றியது பற்றிப் படித்தேன். கறுப்பினத்தவரை ஆட்டத்துக்கு அழைத்து வராதே என்று தோழியிடம் அவர் சொன்ன பதிவு கசிந்துவிட்டது. அருவருப்பான பேச்சுதான். ஆனாலும் நாலு சுவருக்குள் பேசியதற்காக ஒருவரின் சொத்தை விற்கச் சொல்லலாமா?

கே.

அன்புள்ள கே.,

இதே தயக்கத்தை டல்லாஸ் அணியின் அன்றைய உரிமையாளர் மார்க் கியூபனும் அப்போது சொன்னார். ஆனால் என்பிஏ அணி வீடு, நிலம் போன்ற சொத்து அல்ல. ஆட எதிரணி இல்லையென்றால் அதற்கு மதிப்பே கிடையாது. முப்பது அணிகள் கூட்டாக நடத்தும் தொழில் அது. முக்கால்வாசி உரிமையாளர்கள் வாக்களித்தால் ஒருவரை நீக்கலாம் என்று அதன் விதிகளிலேயே இருக்கிறது.

அந்த வாக்கெடுப்பு நடக்கவேயில்லை என்பது வேறு விஷயம். அதற்குள் ஸ்டெர்லிங்கின் மனைவியே, மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு விற்க ஏற்பாடு செய்துவிட்டார். 1981இல் ஸ்டெர்லிங் வாங்கிய விலை 1.25 கோடி டாலர். இப்படியொரு தண்டனை எனக்கும் கிடைத்தால் தேவலை!

வீரர்களையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர். பிளேஆஃப் எனப்படும் இறுதிச்சுற்று ஆட்டத்துக்கு முன், அணியின் பெயர் தெரியாதபடி பயிற்சிச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளிப்பர்ஸ் வீரர்கள் இறங்கினார்கள். விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கினார்கள். என்பிஏ ஆணையர் ஆடம் சில்வர் ஆயுள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்ததில் எனக்கு மறுப்பில்லை.

என்னை உறுத்துவது வேறு. தன் அடுக்ககங்களில் கறுப்பினத்தவருக்கும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கும் வீடு கொடுக்க மறுத்தார் என்று அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கை, 2009இல் 27 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் ஸ்டெர்லிங் முடித்துக்கொண்டார். ஒளிவுமறைவில்லாமல் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. லீக் அப்போது அசையவில்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு ஒலிப்பதிவு வந்ததும்தான் பதறியது. வாடகைக்கு வீடு கிடைக்காதவர்களுக்காக எந்த விளம்பரதாரரும் விலகவில்லையே!

அதனால் என் கருத்து இதுதான்: கசிந்த பதிவு மட்டுமே ஆதாரம் என்றால் அபராதமும் தடையும் போதும். விற்கச் சொல்வதற்கு, அவர் மனிதர்களை எப்படி நடத்தினார் என்பதைக் காட்ட வேண்டும். ஸ்டெர்லிங் விஷயத்தில் அது கையிலேயே இருந்தது. 2022இல் ஃபீனிக்ஸ் சன்ஸ் என்ற இன்னொரு என்பிஏ அணியின் உரிமையாளர் ராபர்ட் சார்வர் விவகாரத்தில், அவர் அலுவலகத்தில் பேசியதையும் நடந்துகொண்டதையும் லீக் முறையாக விசாரித்தது. ஆனால் ஓராண்டுத் தடை, ஒரு கோடி டாலர் அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. வீரர்களும் விளம்பரதாரரும் நெருக்கிய பிறகு அணியை விற்கப்போவதாக அறிவித்தவர் சார்வர்தான்.