எடின்பரோ தொலைக்காட்சி விழாவுக்குப் போக விரும்பும் மகளின் பெற்றோருக்கு

மதிப்புக்குரிய அம்மாவுக்கும் ஐயாவுக்கும்,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருந்தன. கணக்கியல் படிக்க இடம் கிடைத்த மகள் அதை விட்டுத் தொலைக்காட்சித் துறைக்குப் போவேன் என்று நிற்பது ஒன்று. ஓகஸ்டில் நடக்கும் எடின்பரோ தொலைக்காட்சி விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கித் தரும்படி கேட்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த விழா எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

1976 முதல் நடந்துவரும் அந்த விழா பிரித்தானியத் தொலைக்காட்சித் துறையினர் தமக்குள் கூடிப் பேசும் இடம். எந்த நிகழ்ச்சியைத் தயாரிக்கலாம், அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று தீர்மானிக்கும் கொமிஷனர்கள் அங்கே வருவார்கள். யோசனைகளோடு தயாரிப்பாளர்களும் வருவார்கள். 1974இல் மறைந்த ஸ்கொட்லாந்து இயக்குநர் ஜேம்ஸ் மக்டகார்ட் பெயரால் நிகழும் நினைவுப் பேருரைதான் அதன் மையம். சிறந்த சனல், சிறந்த நாடகம் என்று விருதுகளும் உண்டு. உங்கள் மகளின் மனத்தைக் கவர்ந்தது விருது மேடையாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் பேராளர் சீட்டின் விலை பல நூறு பவுண். கையில் காட்டுவதற்கு எந்த வேலையும் இல்லாத 18 வயதுப் பிள்ளைக்காக நீங்கள் அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

அதே விழாவுக்குள் பணம் கட்டாமல் நுழையும் வழி ஒன்று இருக்கிறது. விழாவை நடத்தும் அறக்கட்டளை, துறையில் அனுபவம் இல்லாத புதியவர்களுக்காக ‘த நெட்வேர்க்’ என்ற பயிற்சித் திட்டத்தை இலவசமாக நடத்துகிறது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டம் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. தெரிவானவர்கள் பயிற்சிப் பட்டறைகளில் கலந்துகொண்டு, துறையில் இருப்பவர்களின் வழிகாட்டலையும் பெறுவார்கள். ஏற்கெனவே சில ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு ‘வன்ஸ் டு வொட்ச்’ என்ற வேறொரு திட்டம் உண்டு. அது பின்னாளுக்கு உரியது. போட்டி கடுமையானது, விண்ணப்பங்களும் விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே கோரப்படும். ஆகவே மகள் இப்போது குறிவைக்க வேண்டியது அடுத்த ஆண்டின் விண்ணப்பத்தை.

“நம்மவர்களுக்கு அங்கே இடமிருக்குமா?” என்று நீங்கள் கேட்டதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கானாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த நடிகையும் எழுத்தாளருமான மைக்கேலா கோல் 2018இல், தம் 30ஆவது வயதில், அந்தப் பேருரையை நிகழ்த்தினார். 2020இல் வரலாற்றாசிரியர் டேவிட் ஒலுசோகா, இந்தத் துறையில் தாம் ஒதுக்கப்பட்டதையும் அதனால் மன அழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற நேர்ந்ததையும் அதே பேருரை மேடையில் சொன்னார். கதவு திறந்திருக்கிறது, ஆனால் இலேசாகத் திறப்பதில்லை என்பதற்கு அவ்விரண்டு உரைகளும் சாட்சி. மகளோடு சேர்ந்து நீங்களும் அவற்றைக் கேளுங்கள். நம்மவர்களிலும் முன்னே போனவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோர்ஜ் அழகையா, பி.பி.சி.யின் மாலை ஆறு மணிச் செய்தியை ஏறக்குறைய 20 ஆண்டுகள் வழங்கினார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகனான ரொமேஷ் ரங்கநாதன் பாடசாலையில் கணிதம் கற்பித்துவிட்டுத்தான் நகைச்சுவைத் துறைக்கு வந்தார். பின்னர் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் பாஃப்டா விருதும் பெற்றார். வேறு தொழிலைக் கற்றுவிட்டு இங்கே வருவது புதிதல்ல என்பதற்காகவே அவரைக் குறிப்பிடுகிறேன்.

இனி வருமானம். இதில் நான் எதையும் மென்மையாக்கிச் சொல்லப் போவதில்லை. இத்துறையில் பெரும் பகுதியினர் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஒரு நிகழ்ச்சிக்கு ஆறு வாரம், இன்னொன்றுக்கு மூன்று மாதம் என்று ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். முதற்படி ‘ரன்னர்’ வேலை: தேநீர் கொடுப்பது, பொருட்களை ஏற்றி இறக்குவது, விருந்தினரை அழைத்து வருவது, அதிகாலையில் வந்து இரவில் திரும்புவது. அங்கிருந்து, நிகழ்ச்சிக்கு வேண்டிய தகவல்களையும் ஆட்களையும் தேடும் ஆய்வாளர், உதவித் தயாரிப்பாளர், தயாரிப்பாளர் என்று ஏற வேண்டும். 2023 முதல் விளம்பர வருமானம் சரிந்து புதிய நிகழ்ச்சிகள் குறைந்ததால், அனுபவசாலிகள் பலரே மாதக் கணக்கில் வேலையின்றி இருந்தார்கள். ஒப்பந்தங்களுக்கு இடையே வாடகை கட்டக்கூடிய வழி ஒன்று பிள்ளையிடம் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆகவே என் ஆலோசனை, கணக்கியல் இடத்தை ஏற்றுக்கொள்ளட்டும் என்பதுதான். உங்களைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் படப்பிடிப்புச் செலவை நாள்தோறும் கணக்கிடும் தயாரிப்புக் கணக்காளர் ஒருவர் தேவை. பீக்கன்ஸ்ஃபீல்டில் உள்ள தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பாடசாலை இதற்கென்றே பயிற்சி நடத்தியிருக்கிறது. மகள் விரும்புவது கதை சொல்வதாக இருந்தாலும், பணம் எப்படிச் செலவாகிறது என்று தெரிந்த தயாரிப்பாளருக்கு மதிப்பு அதிகம். பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது அங்கே மாணவர் தொலைக்காட்சி நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ்கோவில் 1964 முதலும் யோர்க்கில் 1967 முதலும் மாணவர்களே அப்படி நிலையங்களை நடத்துகிறார்கள். மாணவர் தொலைக்காட்சிச் சங்கம் ஆண்டுதோறும் தனக்கென்று ஒரு மாநாட்டையும் விருதுகளையும் நடத்துகிறது. கமராவைத் தூக்கவும், படத்தொகுப்புச் செய்யவும், தவறு விடவும் அதைவிடப் பாதுகாப்பான இடமில்லை. இலண்டனையே பற்றிக்கொண்டிருக்கவும் தேவையில்லை: பி.பி.சி.யின் பெரும் பிரிவுகள் சல்போர்டில் இருக்கின்றன, இயற்கை வரலாற்றுப் பிரிவு பிரிஸ்டலில் இருக்கிறது, சனல் 4இன் தேசியத் தலைமையகம் லீட்ஸில் இருக்கிறது.

“அனுபவம் கிடைக்கும், சம்பளம் இல்லை” என்று முழுநேர வேலைக்கு அழைப்பவர்களை நம்ப வேண்டாம். பாடநெறியின் பகுதியான பயிற்சியும், பிறர் வேலையைப் பார்த்துப் பழகுவதும் விலக்கு. மற்றபடி வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி உரியது. இதில் ஐயம் எழுந்தால் ஊடகத் தொழிற்சங்கமான பெக்ட்டுவிடம் கேட்கலாம். பணம் கட்டினால் தொலைக்காட்சியில் சேர்த்துவிடுகிறோம் என்பவர்களிடம் ஒரு பவுண் கூடக் கொடுக்காதீர்கள். சென்ற ஆண்டுகளில் என்னிடம் வந்த ஒரு தாய், அப்படி ஒருவரிடம் சேமிப்பைக் கொடுத்துவிட்டு அழுதது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

வரும் கோடை விடுமுறையில் மகள் மூன்று காரியங்களைச் செய்யட்டும். முதலாவது, கார் ஓட்டும் உரிமம். ரன்னர் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அநேகமாக முதலில் கேட்பது அதைத்தான். இரண்டாவது, நீங்கள் வாழும் ஹரோவில் கடை நடத்தும் ஒருவரையோ, கோயிலில் மாலை கட்டும் அம்மா ஒருவரையோ பற்றி ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத ஆவணப்படம் ஒன்றைக் கைபேசியிலேயே எடுத்து, ஆங்கில உபதலைப்போடு முடிக்கட்டும். தமிழில் பேசி ஒருவரின் நம்பிக்கையைப் பெற முடிவது ஆய்வாளர் வேலையில் பெரிய பலம்; அதைக் குறையாக எண்ணி அவர் மறைக்கக் கூடாது. மூன்றாவது, தாம் விரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றின் இறுதியில் ஓடும் பெயர்களை நிறுத்தி வாசித்து, அங்கே காணும் ஒவ்வொரு பதவியும் என்ன வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டு வரட்டும். அந்தத் தாளோடும் படத்தோடும் செப்டெம்பரில் மூவருமாக என்னிடம் வாருங்கள். நெட்வேர்க் விண்ணப்பத்தின் முதல் வரைவை அன்றே எழுதத் தொடங்கலாம்.