மூன்று லைன் சர்வர் வாங்கும் முன்

கேள்வி: பினாங்கிலிருந்து சீனாவுக்குச் சாப்பிடும் பறவைக்கூடு விற்கிறோம். எங்கள் தளம் கோலாலம்பூரில் ஒரு சர்வரில் இருக்கிறது. பகலில் நன்றாகத் திறக்கிறது, இரவில் படங்கள் வருவதே இல்லை என்று குவாங்சோ வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள். ஹாங்காங்கில் ‘மூன்று லைன் பிஜிபி சர்வர்’ வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாக வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. பிஜிபி என்பது, எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் முறை.

சீனாவில் இணையம் பெரும்பாலும் மூன்று நிறுவனங்கள் வழியாகத்தான் வீடுகளுக்குப் போகிறது: சைனா டெலிகாம், சைனா யூனிகாம், சைனா மொபைல். இவற்றின் வெளிநாட்டு வாசல்கள் குறுகலானவை. இரவு 8 முதல் 11 மணி வரை எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அங்கேதான் நெரிசல். உங்களுக்கும் சீனாவுக்கும் ஒரே நேரம் என்பதால் இதை நீங்களே கவனித்திருப்பீர்கள். டெலிகாம் இணைப்பு மட்டும் உள்ள சர்வருக்கு சைனா மொபைல் வாடிக்கையாளர் வரும்போது, போக்குவரத்து டோக்கியோ அல்லது லாஸ் ஏஞ்சலஸ் வரை போய்ச் சுற்றி வருவதும் உண்டு. மூன்றோடும் நேரடியாக இணைந்திருக்கும் டேட்டா சென்டரில் உள்ளதைத்தான் பல லைன் சர்வர் என்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது: “மூன்று லைனுக்கும் ஒரே ஐபியா (சர்வரின் முகவரி எண்), தனித்தனி ஐபியா?” தனித்தனி என்றால் அது பழைய முறை. யாரை எந்த ஐபிக்கு அனுப்புவது என்பதை, தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் முடிவு செய்யும். ஒரு லைன் அறுந்தால், டிஎன்எஸ் நினைவகத்தில் பழைய முகவரி இருக்கும் வரை வாடிக்கையாளர் செத்த ஐபியையே தட்டிக்கொண்டிருப்பார். ஒரே ஐபியை மூன்று வழியிலும் பிஜிபி அறிவித்தால், அறுந்த வழி விலகி மற்றது தானாக ஏற்றுக்கொள்ளும். அதற்குச் சில நொடிகள் முதல் ஓரிரு நிமிடங்கள் வரை ஆகும்.

அதற்காகப் பிஜிபி வேகமான வழியைத் தேடித் தரும் என்று நம்பிவிடாதீர்கள். இடையில் எத்தனை நெட்வொர்க் இருக்கிறது என்பதை அது பார்க்கும். தாமதத்தையும் நெரிசலையும் பார்க்காது. எனவே வழிகளைக் கையால் சரிசெய்யும் பொறியாளர் அந்த நிறுவனத்தில் இருக்கிறாரா என்பது லைன் எண்ணிக்கையைவிட முக்கியம்.

இன்னொன்று, திரும்பும் வழி. வாடிக்கையாளரிடமிருந்து வரும் கோரிக்கை சின்னது. படமும் பக்கமும் சர்வரிலிருந்து அவருக்குப் போகின்றன. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விற்பவர்கள் சீனாவிலிருந்து சர்வருக்கு எடுத்த ட்ரேஸ்ரூட்டை, அதாவது வழியில் உள்ள ரூட்டர்களின் பட்டியலைக் காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது சர்வரிலிருந்து சீனாவுக்கு எடுத்ததை.

அதில் 202.97 என்று தொடங்கும் முகவரிகள் வந்தால் அது டெலிகாமின் சாதாரண முதன்மை நெட்வொர்க், ஏஎஸ்4134 (ஏஎஸ் என்பது ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்). இரவில் திணறுவது இதுதான். 59.43 என்று வந்தால் டெலிகாமின் உயர்ரக நெட்வொர்க்கான சிஎன்2, அதாவது ஏஎஸ்4809. அதிலும் இரண்டு ரகம். வெளியே மட்டும் 59.43-இல் ஓடி, சீனாவுக்குள் நுழைந்ததும் 202.97-இல் கலந்துவிட்டால் அது ஜிடி. மாகாணம் வரை 59.43-இலேயே போனால் ஜிஐஏ. ‘சிஎன்2’ என்று மட்டும் சொல்லி ஜிடியை ஜிஐஏ விலைக்குத் தருபவர்கள் இருக்கிறார்கள், எனவே ரசீதில் ரகத்தை எழுதி வாங்குங்கள். யூனிகாமில் சாதாரண வழி ஏஎஸ்4837, உயர்ரகம் ஏஎஸ்9929. சைனா மொபைலின் சர்வதேச வழி ஏஎஸ்58453. பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால், டெலிகாம் வழிக்கு ஜிஐஏ வாங்குங்கள். மற்ற இரண்டுக்கும் சாதாரண நேரடி வழியே பெரும்பாலும் போதும்.

ஜிஐஏ விலை அதிகம் என்பதால் 10 எம்பிபிஎஸ் போலச் சின்ன அளவில் விற்பார்கள். 10 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1.25 எம்பி. உங்கள் பக்கம் 2 எம்பி என்றால் ஒருவருக்கு 1.6 நொடி, ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்தால் 16 நொடி. லைனை மாற்றும் முன் படங்களை வெப்பி (WebP) என்ற சிறிய வடிவத்துக்கு மாற்றிப் பக்கத்தை 500 கேபிக்குள் கொண்டுவாருங்கள்.

ஹாங்காங் சர்வருக்கு ஐசிபி பதிவு (தளத்துக்காகச் சீன அரசிடம் செய்யும் பதிவு) தேவையில்லை. சீனப் பெருநிலத்தில் வைத்தால் தேவை. ஆனால் கூகுள் ரீகேப்சா, கூகுள் மேப்ஸ், யூடியூப், ஃபேஸ்புக் லாகின் ஆகியவை பக்கத்தில் இருந்தால், எந்த லைன் வாங்கினாலும் பக்கம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இவை அங்கே தடுக்கப்பட்டவை. முதலில் இவற்றை நீக்குங்கள். சில தளங்களுக்கு அதுவே பாதி வைத்தியம்.

கேள்வி: பணம் கட்டும் முன் எப்படிச் சோதிப்பது?

பதில்: ஒரு சோதனை ஐபியும் அதில் 20 எம்பி அளவுள்ள ஒரு ஃபைலும் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். சீனாவில் மூன்று நிறுவன இணைப்புகளிலும் ஒவ்வொருவரைப் பிடித்து, காலை ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை எம்டிஆர் ஓட்டச் சொல்லுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரிலும் தாமதத்தையும் இழப்பையும் காட்டும் கருவி அது. குறைந்தது 100 பாக்கெட் (தரவுத் துண்டு), டிசிபி முறையில், 443 போர்ட்டுக்கு, அதாவது தளம் திறக்கும் அதே முறையில், அதே வாசலுக்கு.

பலர் தடுக்கி விழும் இடம் இது: நடுவில் ஒரு ஹாப்பில் (வழியில் உள்ள ஒரு ரூட்டர்) 60 சதவீத இழப்பு காட்டும், அடுத்த ஹாப்பிலிருந்து பூஜ்யம். அது பழுதில்லை. அந்த ரூட்டர் தன்னைக் கேட்கும் பாக்கெட்டுகளுக்குப் பதில் சொல்வதை மட்டும் குறைத்துக்கொள்கிறது. ஒரு ஹாப்பில் தொடங்கிய இழப்பு கடைசி வரை தொடர்ந்தால்தான் அது உண்மையான இழப்பு. கடைசி வரியில் இரவில் 1 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம்.

தாமதத்தைக் கணக்கிடுவது எளிது. கேபிளில் ஒளி 1000 கி.மீ. போய்த் திரும்ப 10 மில்லிநொடி ஆகும். ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் சுமார் 2000 கி.மீ., எனவே 20-க்குக் கீழே வராது. 40 அளவில் வந்தால் வழி நேரானது. 150 வந்தால் எங்கோ கடல் தாண்டிச் சுற்றுகிறது.

கேள்வி: திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் பின்னலாடை விற்கிறோம். எங்களுக்கும் பல லைன் தேவையா?

பதில்: சீனாவுக்குச் சொன்ன ரகப் பிரிவு உங்களுக்கு வேண்டாம். சர்வரை ஃபிராங்க்ஃபர்ட்டில் வையுங்கள், போதும். மும்பையில் வைத்தால் போய்வர சாதாரணமாக 120 மில்லிநொடிக்கு மேல் ஆகும். புதிய இணைப்பில், இணைப்பைத் திறக்கும் டிசிபிக்கு ஒன்று, அதை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று சுற்று. முதல் எழுத்து வரும் முன்பே 360 மில்லிநொடி போய்விடும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தது போல மீண்டும் நடந்தாலும், சர்வர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால் ஜெர்மானிய வாடிக்கையாளருக்குத் தெரியாது. உங்கள் அலுவலகம் தளத்தை நிர்வகிப்பதுதான் மந்தமாகும்.

விற்பவர் இரண்டு லைன் என்று சொன்னால் இரண்டு கேபிளா என்றும் கேளுங்கள். 2006 டிசம்பர் 26-இல் தைவானின் தெற்கே நிலநடுக்கம் வந்தபோது லூசான் நீரிணையில் பல கேபிள்கள் ஒன்றாக அறுந்தன. வெவ்வேறு நிறுவனத்தின் லைன் வாங்கியிருந்தவர்களும் சேர்ந்தே முடங்கினார்கள்.

கேள்வி: ‘95 சதவீத பில்லிங்’ என்கிறார்கள். சீனாவின் பெரிய ஆன்லைன் விற்பனை நாளான நவம்பர் 11-க்கு லாபமா?

பதில்: உங்கள் போக்குவரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுப்பார்கள். 30 நாளுக்கு 8640 அளவுகள். மிக உயர்ந்த 5 சதவீதம், அதாவது 432, கழிக்கப்படும். மீதியில் உயர்ந்த அளவுக்குத்தான் பில். கழிக்கப்படுவது 36 மணி நேரம். ஒரே நாள் விற்பனை என்றால் அந்த உச்சம் பில்லில் வராது. மூன்று நாள் விற்பனை என்றால் 72 மணி, மாதம் முழுக்க உச்ச விலை விழும். அப்போது நிலையான அளவில் வாங்குவதே மேல்.

புதிய சர்வருக்கு விற்பனை வாரத்தில் மாறாதீர்கள். இரண்டு வாரம் முன்பே மாறுங்கள். மாறுவதற்கு ஒரு நாள் முன் டிஎன்எஸ் டிடிஎல்லை, அதாவது பழைய முகவரி நினைவகத்தில் இருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறையுங்கள். பழைய சர்வரை ஒரு வாரம் ஓடவிடுங்கள், ஆனால் ஆர்டர்கள் புதிய டேட்டாபேஸில் மட்டும் பதியும்படி செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு இடத்திலும் ஆர்டர் சிதறி, பணம் கட்டியவரின் ஆர்டரைத் தேட வேண்டியிருக்கும்.