மஷோவின் பூசையும் தொண்டைக் குரலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மத்தியகால ஐரோப்பியத் திருச்சபை இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 14ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் கியோம் து மஷோவின் பலகுரல் திருப்பலி இசையான ‘நோத்ர் தாம் பூசை’யை மர்செல் பெரேஸின் ஆர்கானும் குழு பாடிய பதிவில் கேட்டேன். அதிர்ந்துபோனேன். கரகரத்த தொண்டைக் குரல்கள், சுரத்துக்குச் சுரம் அசைவு, நெளிவு. நான் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் இருக்கிறேன். எங்கள் குழுத்தலைவர் கேட்டுவிட்டு, “இது அரபுப் பாட்டு மாதிரி இருக்கிறது. கோயில் பாட்டு என்றால் இங்கிலாந்தின் ஹில்லியர்ட் குழு பாடுவதுபோல நேராக, சுத்தமாக இருக்கவேண்டும்” என்றார். பெரேஸ் கோர்சிகா தீவின் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு பாடியதாக அறிந்தேன். 14ஆம் நூற்றாண்டு பிரான்சில் இப்படித்தான் பாடினார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

ம. ஜெ., தூத்துக்குடி

அன்புள்ள ம. ஜெ.,

ஆதாரம் இல்லை. ஆனால் ஹில்லியர்ட் குழுவின் குரலுக்கும்தான் இல்லை. நீங்கள் பெரேஸிடம் மட்டும் சான்று கேட்கிறீர்கள்.

அந்த நேர்க்குரல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் பேராலயங்களிலும் கல்லூரித் தேவாலயங்களிலும் சிறுவயது முதல் பழக்கப்படுத்தும் குரல் அது. கிரிகோரியன் பாடல்களில், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய ஒற்றைமெட்டு லத்தீன் பாடல்களில், நாம் கேட்டுப் பழகிய வழவழப்போ பிரான்சின் சொலெம் மடத்தில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. 1903இல் போப் பத்தாம் பயஸ் கிரிகோரியன் இசையை மீட்கச் சொல்லி ஆணையிட்டார். 1930இல் அம்மடத்துத் துறவிகள் பாடிய இசைத்தட்டுகள் பதிவாயின. அந்தப் பாணி உலகெங்கும் போனது. பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் படித்ததில் அந்தத் துறவிகள் செய்த வேலை அபாரமானது. ஆனால் எந்தச் சுவடியும் குரலின் நிறத்தைச் சொல்வதில்லை. அதை அவர்கள் தங்கள் காலத்துப் பக்தியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

எழுத்தில் கிடைப்பவை ஒரே திசையைக் காட்டவில்லை. 7ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்து ஆயர் இசிடோர் நிறைவான குரல் உயர்ந்ததாக, இனியதாக, தெளிவானதாக இருக்கவேண்டும் என்கிறார். இது உங்கள் தலைவர் பக்கம். 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரீவோ மடத்து ஏல்ரெட், பாடகர்கள் குதிரைபோலக் கனைக்கிறார்கள் என்று கொதிக்கிறார். யாரும் அப்படிப் பாடாமல் இந்த வசை பிறந்திருக்காது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுபவர் மொராவியாவின் ஜெரோம். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் இருந்த டொமினிக்கன் துறவி. மார்புக் குரல், தொண்டைக் குரல், தலைக் குரல் என்று பிரித்து, பாடும்போது இவற்றைக் கலக்கக்கூடாது என்கிறார். சுரத்தை அழகூட்டும் ‘பூக்கள்’ என்று மூன்று அசைவுகளையும் விவரிக்கிறார்: மேலே அரைச்சுரத்தோடு மெல்ல அசைவது ஒன்று, முழுச்சுரத்தோடு மெல்ல அசைவது ஒன்று, மெல்லத் தொடங்கி வேகம் பிடித்து முடிவது ஒன்று. இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கும்போது, அசைவே கூடாது என்பதை மத்தியகாலத்தின் விதியாகச் சொல்ல முடியாது. இதைப் படிக்கும் தமிழருக்கு உடனே கமகம் ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. ஒத்திருப்பதாலேயே இரண்டுக்கும் உறவு இருந்தது என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது.

பெரேஸோடு எனக்கு உடன்பாடில்லாத இடமும் அதுதான். கோர்சிகாவின் பாகியெல்லா என்ற பலகுரல் நாட்டார் பாட்டு வாய்மொழியாக வந்தது. அதற்கும் மஷோவின் ரைம்ஸ் பேராலயத்துக்கும் நடுவே ஆறு நூற்றாண்டுகள் கிடக்கின்றன. வாய்மொழி மரபு என்பதற்காக அது மாறாமலே வந்தது என்று கொள்ள முடியாது. ரோம் நகரத்துத் திருச்சபையின் பழைய பாடல்களுக்காக அவர் லிகூர்கோஸ் ஆங்கெலோபூலோஸ் என்ற கிரேக்கப் பாடகரோடு சேர்ந்து உழைத்தவர். அந்த பைசாந்திய, அதாவது கிரேக்கத் திருச்சபைப் பாட்டின், சாயல் அவர் காதில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் தலைவருக்கு ‘அரபு’ என்று கேட்டது அதுவாக இருக்கலாம்.

இருந்தும் நான் ஆர்கானும் பதிவையே பரிந்துரைப்பேன். மஷோவின் முத்தாய்ப்புகளை, அதாவது ஒரு வரி முடியும் இடங்களை, கவனியுங்கள். பூசையின் முதல் மூன்று பகுதிகள், மேலைச் சுரப்பெயரில் சொன்னால், ‘டி’ சுரத்தில் முடிகின்றன. அங்கே அடிக்கடி வரும் முத்தாய்ப்பில் கீழ்க்குரல் ‘இ’யிலிருந்து ‘டி’க்கு இறங்குகிறது. அதே சமயம் மேலே ஒரு குரல் ஜி ஷார்ப்பிலிருந்து (அரைச்சுரம் உயர்த்திய ‘ஜி’) ‘ஏ’க்கும், இன்னொன்று சி ஷார்ப்பிலிருந்து ‘டி’க்கும் ஏறுகின்றன. தூய ஐந்தாம் சுர இடைவெளிகளை அடுக்கி அமைத்த அக்காலத்துப் பித்தாகரஸ் சுருதியில் இ–ஜி ஷார்ப் இடைவெளி 408 சென்ட் (கீபோர்டின் அரைச்சுரம் ஒன்று நூறு சென்ட்), காதுக்கு இனிக்கும் இடைவெளியோ 386தான். எனவே முதல் கூட்டொலி உரசிக்கொண்டு நிற்கும். அடுத்த அடியில் ஐந்தாம் சுரமும் எட்டாம் சுரமும் அப்பழுக்கில்லாமல் சேரும்போது அந்த உரசல் அற்றுப்போகும். மேற்சுரங்கள் (ஒரு சுரத்தோடு தானே சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) நிறைந்த கனத்த மார்புக் குரலில்தான் இந்த உரசல் உடம்பில் படுகிறது. மெல்லிய குரலில் அது இருக்கிறது, ஆனால் நழுவிவிடுகிறது. இது என் காதின் தீர்ப்பு, வரலாற்றின் தீர்ப்பு அல்ல.

உங்கள் குழுவில் மூன்று பேரை வைத்து இந்த முத்தாய்ப்பை மட்டும் பாடிப் பாருங்கள். கீபோர்டு வேண்டாம், அதன் சுருதி வேறு. ஷார்ப் இரண்டையும் கூசாமல் மேலே தள்ளிப் பாடச் சொல்லுங்கள். முதலில் நேர்க்குரலில், பிறகு மார்பிலிருந்து. குழுத்தலைவரையும் கூட உட்காரவைத்துக் கேட்கச் சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.