இலை உதிர்ந்த காட்டு இஞ்சியைத் தோண்டிப் போடாதீர்கள்

கேள்வி: சனவரியில் தெருவோர வியாபாரியிடம் காட்டு இஞ்சிக் கிழங்கு வாங்கித் தொட்டியில் நட்டேன். மே மாதத்தில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. "செத்துவிட்டது, வேறு வாங்குங்கள்" என்கிறார் விற்றவர். மாமியாரின் இருமலுக்காகத்தான் வளர்க்கிறேன். என்ன செய்வது? – ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, வேறு வாங்காதீர்கள். மே மாதம் இங்கே குளிர்காலத் தொடக்கம். சூலு மக்கள் இசிபெபேத்தோ என்று அழைக்கும் இந்தச் செடி ஒவ்வொரு குளிர்காலத்திலும் இலையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் உறங்கும். ஓரமாக மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்து, கிள்ளினால் இஞ்சி வாசனை வந்தால் உயிரோடுதான் இருக்கிறது. கொழகொழவென்றிருந்தால் அழுகிவிட்டது. வாடிவிட்டதே என்று தண்ணீரை ஊற்றுவதுதான் அதைக் கொல்லும். தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள். வெயில் ஏறும்போது தளிர்க்கும்.

பூ மண்ணை ஒட்டியே மலரும்; வெளிர் இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள். ஆளுயரத் தண்டின் உச்சியில் பூத்தால் உங்களுக்குக் கொடுத்தது வேறு இஞ்சிப்பூச்செடி. அந்த வகைகள் இந்நாட்டில் களையாகப் பரவுவதால் சட்டம் தடுத்திருக்கிறது.

விற்றவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் குவாசூலு-நட்டால் மாகாணக் காடுகளில் இச்செடி கிட்டத்தட்ட ஒழிந்தே போய்விட்டது. ம்புமலாங்கா, லிம்போபோ மாகாணங்கள் பக்கம் மிஞ்சியிருப்பதைத்தான் தோண்டி மூட்டை மூட்டையாகக் கொண்டுவருகிறார்கள். உறங்கும் செடியைச் செத்ததென்று சொல்லி ஒரே வீட்டில் இரண்டு முறை காசு பார்க்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட இனம், அனுமதி வேண்டும் என்கிறது சட்டம். முறையாக வளர்க்க நினைப்பவர் படிவத்தோடு அலைகிறார். மூட்டையோ பட்டப்பகலில் நடைபாதையில் அவிழ்கிறது. இதை எத்தனை கூட்டங்களில் சொல்வது?

நாற்றங்காலில் பெருக்கிய கன்று என்றால் கவலையில்லை. ஆனால் அது நாற்றங்கால் கன்றுதான் என்பதற்கு ரசீது வேண்டும். "எங்கள் தோட்டத்தில் விளைந்தது" என்ற வாய்ச்சொல் செல்லாது. தொட்டியில் இருப்பதாலேயே அது நாற்றங்கால் கன்றாகிவிடாது. காட்டுக் கிழங்கையே தொட்டியில் புதைத்து விற்பவர்கள் உண்டு. ரசீதில் செடியின் பெயர் எழுதச் சொல்லி வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள். உங்கள் ஊரை ஒட்டியே சில்வர்கிளனில் நகராட்சியின் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது. முதலில் அங்கே கேளுங்கள்.

தளிர்த்தாலும் இந்த ஆண்டு கிழங்கை வெட்டாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு பெருகட்டும். அதுவரை மாமியாருக்குக் கடை இஞ்சியே போதும். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் எந்தக் கிழங்கையும் நம்பாமல் கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.