எருதுக்கு நிறம் தீட்டும் முன்

கேள்வி: அப்பப்பா விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் காரின் முன்புறச் சின்னத்தில் எருதின் நிறம் வெளிறிவிட்டது, சுற்றியுள்ள குரோமியமும் கொப்புளம் போட்டிருக்கிறது. வீட்டிலேயே துலக்கி வர்ணம் தீட்டலாமா?
— வாசகர், உப்புவெளி

பதில்: தாராளமாகத் தீட்டலாம். ஆனால் தூரிகையை எடுப்பதற்கு முன்னர், சின்னம் எந்த உலோகத்தில் ஆனது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அதனைக் கழற்றி, பின்புறத்தில் வெளியே தெரியாத மூலையொன்றைக் கத்தி முனையால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் நாகக் (துத்தநாகக்) கலப்புலோக வார்ப்பு. குத்துவிளக்குத் துலக்கும் புளியை நாக வார்ப்பின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. அதன் அமிலம் குரோமியத்தின் நுண்துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் நாகத்தை அரித்துவிடும். ஒஸ்ரின் கார்ச் சின்னமொன்றைப் புளிக்கரைசலில் இரவு முழுவதும் ஊறவிட்டு, காலையில் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல அதனை வெளியே எடுத்தவன் நான். நீங்கள் கூறும் கொப்புளங்களும் நம் கடற்காற்றின் உப்பு அவ்வாறே உள்ளிறங்கியதன் விளைவுதான். அவற்றைத் தேய்த்துப் போக்க முயன்றால் எஞ்சிய முலாமும் உரியும். அப்படியே விட்டுவிடுவதே நல்லது.

இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பற்தூரிகையால் கழுவுங்கள். உரிந்து நிற்கும் வர்ணத்தைச் சீவிய ஈர்க்கின் முனையால் நெம்பி எடுக்கலாம். ஊசி உலோகத்தில் கீறல் போடும். நிறம் கண்ணாடிபோலப் பளபளத்து, ஈர்க்குக்கு மசியாமல் நின்றால், அது கண்ணாடித் தூளை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்கிப் பதித்த அசல் எனாமலாக இருக்கலாம். அதன்மேல் வர்ணம் பூசுவது பாவம். உடைந்த இடத்தை மட்டும் நிரப்புங்கள்.

நிறங்களை ஊகித்துத் தீட்ட வேண்டாம். மொறிஸ் தொழிற்சாலை ஒக்ஸ்போர்ட்டின் கௌலியில் இருந்தது. எருது ஆற்றுத்துறையைக் கடக்கும் அந்நகரத்தின் இலச்சினையே உங்கள் சின்னத்திலும் இருக்கிறது. எருது சிவப்பு, அலைகள் நீலமும் வெள்ளையும். நம் ஊர் எருதை நினைத்துக் கறுப்பாக்கிவிடாதீர்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்து, வெற்று உலோகம் தெரியும் இடங்களுக்கு மட்டும் உலோகத்துக்கான பிறைமரை (வர்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சை) மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். பின்னர் சற்று இளக்கிய எனாமல் வர்ணத்தில் ஒரு துளியை மெல்லிய தூரிகை நுனியில் ஏந்தி, பள்ளத்தின் நடுவில் தொட்டு வையுங்கள். இழுத்துப் பூச வேண்டாம், வர்ணம் தானே பரவி விளிம்பில் வந்து நிற்கும். வெள்ளையில் தொடங்கிச் சிவப்பில் முடித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நாள் இடைவெளி கொடுங்கள். மேட்டில் வழிந்ததை, தட்டையான மரத்துண்டில் இறுக்கிச் சுற்றி ரேப்பன்ரைன் தொட்ட துணியால் துடையுங்கள். துணி தளர்ந்திருந்தால் பள்ளத்து வர்ணமும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: இவ்வேலைக்கு எந்த மாதம் ஏற்றது?
— வாசகி, நிலாவெளி

பதில்: மார்கழி மழையில் வர்ணம் காயத் தாமதமாகும், பளபளப்பும் குன்றும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் விரைவில் காயும், ஆனால் புழுதி ஒட்டும். ஆகவே சாளரத்தை மூடி, சின்னத்தின்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து, பின்புறத்தில் மெல்லிய இறப்பர்த் தகடு வைத்துப் பொருத்தினால், உப்புநீர் இடுக்கில் தங்காது.