முதலில் மருத்துவச் சான்று, பிறகு கட்டணம்

கேள்வி: எனக்கு 19 வயது. பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படித்து முடித்திருக்கிறேன். கணிதத்தில் நடுத்தர மதிப்பெண்தான். சிறு வயதிலிருந்தே கண்ணாடி அணிகிறேன். விமானியாக வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஒரு பயிற்சிப் பள்ளியில் அறிமுகத்துக்காகச் சிறிய விமானத்தில் அழைத்துச் சென்றார்கள். பாதி வழியில் எனக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் வந்துவிட்டன. 18 மாதங்களில் வணிக விமானி உரிமம் கிடைத்துவிடும், அதன் பிறகு வேலையும் உறுதி என்று அந்தப் பள்ளி சொல்கிறது. இந்த மாத இறுதிக்குள் முழுக் கட்டணத்தையும் கட்டினால் சலுகை உண்டாம். வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்ட அப்பா தயாராக இருக்கிறார். அம்மாவோ, முதலில் ஒரு பட்டம் வாங்கு என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

இந்த மாத இறுதிக்குள் நீங்கள் எந்தப் பணமும் கட்ட வேண்டாம். உங்கள் ஆசை தவறு என்பதற்காகவோ, உங்களால் முடியாது என்பதற்காகவோ இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எதுவும் நீங்கள் விமானியாவதற்குத் தடையாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குள் நுழைவதில் ஒரு வரிசை இருக்கிறது. உங்களைத் தடுத்து நிறுத்தக்கூடியது எதுவோ அதைக் குறைந்த செலவில் முதலிலேயே தெரிந்துகொண்டு, பெரிய தொகையை அதன் பிறகே கையிலிருந்து விட வேண்டும். விமானப் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், இந்த வரிசையை மாற்றியதால் மனமுடைந்து போன குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வரிசையில் முதலில் வருவது முதல் வகுப்பு மருத்துவச் சான்று. உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண், காது, இதயம், ரத்தம், மனநலம் ஆகிய அனைத்தையும் சோதித்துப் பெறும் இந்தச் சான்று இல்லாமல், வணிக விமானி உரிமத்தைக் கையில் வைத்திருந்தாலும் அதைக் கொண்டு பறக்க முடியாது. கண்ணாடி அணிவது குறையே அல்ல. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவுகோலின்படி, கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ, ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வையும், இரு கண்களும் சேர்ந்து 6/6 பார்வையும் இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்றை எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நிறப் பார்வை அப்படியல்ல. பல ஓடுபாதைகளின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் விமானம் சரியான சரிவில் இறங்குகிறது. நான்கும் வெள்ளையானால் அதிக உயரம், நான்கும் சிவப்பானால் ஆபத்தான அளவுக்குத் தாழ்வு. இந்த வேறுபாட்டைத் தயங்காமல் சொல்ல முடியாத கண்ணுக்குக் கண்ணாடியும் உதவாது, அறுவை சிகிச்சையும் உதவாது. நிறக்குறைபாடு இருப்பவர்களில் பலருக்குச் சோதித்துப் பார்க்கும் நாள் வரை அது தெரிவதே இல்லை. பயிற்சியில் பாதித் தொகை செலவான பிறகு அது தெரிய வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: பழைய நோய்களையோ உட்கொள்ளும் மருந்துகளையோ அந்த மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மேலதிகச் சோதனையோடு சரிசெய்துகொள்ளக்கூடிய பல விஷயங்கள், மறைத்தது வெளிவரும்போது உரிமத்தையே இழக்கும் குற்றமாகிவிடுகின்றன.

குமட்டலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதல் சில பறத்தல்களில் பலருக்கும் அது வரும். பயணியாக அமர்ந்து வேடிக்கை பார்க்கும்போது வருவது, கட்டுப்பாட்டைக் கையில் பிடித்துத் தொடுவானத்தைப் பார்த்து ஓட்டத் தொடங்கியதும் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதற்காகக் கடையில் கிடைக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓட்டப் போகாதீர்கள். அவற்றில் பல தூக்கத்தை உண்டாக்குபவை.

கணிதத்தில் நடுத்தரம் என்கிறீர்கள். விமானி அறையில் கடினமான கணிதம் இல்லை. அவசரத்தில் தவறாமல் செய்ய வேண்டிய எளிய கணிதம் இருக்கிறது. 30,000 அடியிலிருந்து எங்கே இறங்கத் தொடங்குவது? ஆயிரங்களை மூன்றால் பெருக்குங்கள்: 90 கடல் மைல்; வேகத்தைக் குறைப்பதற்கு இன்னும் சில மைல்கள். தரைவேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் மூன்று டிகிரிச் சரிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும்? ஐந்தால் பெருக்குங்கள்: 600 அடி. இதைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டே, எதிர்காற்றைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும். மனக்கணக்கைத் தினமும் கொஞ்ச நேரம் பழகினாலே கைவந்துவிடும். இயற்பியல் படித்தது உங்களுக்குப் பெரிய பலம். விமானம் எப்போது மிதப்பை இழக்கும் என்று கேட்டால், வேகம் குறைந்தால் என்று பலர் பதில் சொல்வார்கள். உண்மையில் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் ஸ்டால் நேர்கிறது. சிறிய பயிற்சி விமானங்களில் அந்த எல்லை சுமார் 15, 16 டிகிரி. வேகம் எதுவாக இருந்தாலும் அது நேரலாம். மீள்வதற்கு விமானத்தின் மூக்கை இறக்க வேண்டும். தரை நெருங்குவதாகப் பயப்படும் மனமோ கையை எதிர்த்திசையில் இழுக்கச் சொல்லும். 2009ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தபோது, 38,000 அடி உயரத்தில் ஸ்டால் ஆன அந்த விமானம் சுமார் மூன்றரை நிமிடம் விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தின் பெரும்பகுதி மூக்கு உயர்த்தியே பிடிக்கப்பட்டிருந்தது. பயிற்சியில் ஸ்டாலை மீண்டும் மீண்டும் செய்ய வைப்பது இந்த இயல்பான எதிர்வினையை மாற்றுவதற்காகத்தான். மனப்பாடம் செய்தவருக்கு அது சலிப்பாக இருக்கும். ஏன் என்று புரிந்தவர் அதை மறக்க மாட்டார்.

பயிற்சி எப்படி நகரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரங்களில் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி ஏறியும் இறங்கியும் பழகுவீர்கள். ஒரு நாள் ஆசிரியர் திடீரென்று இறங்கிக்கொண்டு, ஒரு சுற்று தனியாகப் போய்வரச் சொல்வார். அதன் பிறகு ஊர் விட்டு ஊர் பறத்தல், இரவுப் பறத்தல், கருவிகளை மட்டுமே நம்பிப் பறத்தல் என்று தொடரும். இந்தக் கடைசிப் பகுதியில்தான் நல்ல மாணவர்களும் தடுமாறுவார்கள். மேகத்துக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும் விமானத்தில், உள்காதில் உள்ள திரவம் சிறிது நேரத்தில் நிலைகொண்டுவிடுவதால், நேராகப் போவதாகவே உடல் நம்பும். விமானத்தை உண்மையிலேயே நேராக்கியதும் எதிர்ப்பக்கம் திரும்புவதாகத் தோன்றும். தன் உடல் சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவி சொல்வதை நம்பக் கற்பதற்குப் பல மணி நேரப் பழக்கம் தேவை.

சர்வதேச அளவில் வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியானால் 150. அதில் 540 கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு பயணத்தை நீங்களே பொறுப்பேற்று, வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முடிக்க வேண்டும். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம் என்பதால் ஆணையத்தின் விதிமுறைகளை நீங்களே படித்துப் பாருங்கள். பள்ளி சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வேறு நாட்டில் பயிற்சி பெற நினைத்தால், அந்த உரிமத்தை உங்கள் நாட்டு உரிமமாக மாற்ற மறுபடியும் தேர்வுகளும் செலவும் உண்டு. குறைந்தபட்சம் என்பது குறைந்தபட்சம்தான். அதைவிட அதிக மணி நேரம் தேவைப்படுவது மிகச் சாதாரணம், எனவே அதற்கும் பணம் ஒதுக்கித்தான் கணக்குப் போட வேண்டும்.

18 மாதம் என்ற வாக்குறுதியை இந்தப் பின்னணியில் பாருங்கள். அது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது பல விஷயங்களைச் சார்ந்தது. அந்தப் பள்ளிக்கு ஒரு நாள் முழுக்கப் போய் உட்காருங்கள். கொட்டகையில் நிற்கும் விமானங்களை எண்ணாதீர்கள், அன்றைக்குப் பறந்தவற்றை எண்ணுங்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், பழுதான விமானத்துக்கு உதிரிபாகம் வர எவ்வளவு நாள் ஆகிறது, மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்காமல் மாணவர்களிடம் கேளுங்கள். முடிந்தால் இரண்டு மூன்று பேரின் லாக்புக்கை, அதாவது பறந்த நாட்களையும் நேரத்தையும் பதிவு செய்யும் ஏட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். தேதிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கட்டணத்தில் எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், தேர்வுக் கட்டணம், மறுதேர்வு எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டிய பின் பள்ளியே மூடப்பட்டு, பாதிப் பயிற்சியோடு நின்றுபோனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பறந்த நேரத்துக்கு ஏற்பத் தவணையில் வாங்கிக்கொள்ளும் பள்ளியே நல்லது. சலுகைக்காக இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்காதீர்கள்.

"வேலை உறுதி" என்பதை மட்டும் அறவே நம்பாதீர்கள். வேலை தருவது விமான நிறுவனம். பள்ளியால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். நிறுவனமே தேர்வு நடத்தி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சித் திட்டங்கள் உண்டு, அது வேறு. அதிலும் நிபந்தனைகளை வரி விடாமல் படிக்க வேண்டும். மற்றவர்களுக்கு, உரிமம் கையில் வந்த நாளுக்கும் துணை விமானியின் இருக்கையில் அமரும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங் தனிப் பயிற்சி, பல இடங்களில் தனிச் செலவு. 2001, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் நடந்ததைப்போல ஆளெடுப்பு திடீரென்று நின்றுபோகவும் செய்யும். அந்தக் காலத்தில் மருத்துவச் சான்றையும், கருவிப் பறத்தல் தகுதியையும், கைப்பழக்கத்தையும் காப்பாற்றிக்கொள்ளவும் பணம் வேண்டும். அதனால் பயிற்சிச் செலவோடு, வருமானமில்லாத ஓர் ஆண்டையாவது சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்த இடைவெளியைப் பயனுள்ளதாக்க நான் அறிந்த சிறந்த வழி பயிற்சி ஆசிரியர் தகுதி பெறுவது. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நம் பறத்தல் கூர்மையாகும், லாக்புக்கும் நிரம்பும். பெரிய விமானத்தில் கேப்டனாவதற்கான உரிமத்துக்கு 1500 மணி நேரமும் 21 வயதும் தேவை என்பதால், அந்த மணி நேரங்கள் எதுவும் வீண் போகாது.

நிறுவனத் தேர்வுகளில் குழுவாக ஒரு வேலையைச் செய்யச் சொல்வதைப் பார்த்துச் சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் அந்த விளக்கிலேயே மூழ்கியிருக்க, உயரத்தைப் பிடித்து நிறுத்தும் தானியங்கி விலகியதை யாரும் கவனிக்கவில்லை. விமானம் சதுப்பு நிலத்தில் இறங்கி மோதியது. 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் எரிந்துபோயிருந்தது. ஒருவர் சிக்கலைப் பார்க்கும்போது இன்னொருவர் விமானத்தை ஓட்ட வேண்டும், மூத்தவர் தவறினால் இளையவர் வாய் திறக்க வேண்டும் என்ற ஒழுங்கு இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் பாடமாக்கப்பட்டது. நீங்கள் கூச்ச சுபாவம் உள்ளவரானால் இப்போதிருந்தே மரியாதையோடும் தெளிவோடும் மறுத்துப் பேசப் பழகுங்கள். ஆங்கிலப் பேச்சையும் பழகுங்கள். சர்வதேசப் பறத்தலுக்கு, சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் மொழித்திறன் அளவுகோலில் நான்காம் நிலைத் தேர்ச்சி கட்டாயம்.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. உரிமத்துக்குப் பட்டம் சர்வதேச நிபந்தனை அல்ல, ஆனால் சில நிறுவனங்கள் கேட்கின்றன; அதைவிட முக்கியம், ஒரு மருத்துவச் சோதனையில் பறக்கும் தகுதி போய்விட்டால் கையில் வேறொன்று இருக்க வேண்டும். பெரிய விமான நிறுவனங்களில் 65 வயது வரை பறக்கலாம், உங்களுக்கு 19 தான் ஆகிறது. தொலைநிலைக் கல்வியில் பட்டம் படித்துக்கொண்டே தரைப்பாடங்களைத் தொடங்கினால், வானிலையியல், வழிநடத்தல், விமானச் சட்டம் ஆகிய தேர்வுகளை வீட்டை அடமானம் வைக்காமலேயே எழுதி முடிக்கலாம். அவற்றைத் தாண்டிய பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், பறத்தலுக்கான பணத்தைக் கல்விக்கடன், உதவித்தொகை, நிறுவனத் திட்டம் என்று எல்லா வழியிலும் தேடிவிட்டு, வீட்டைக் கடைசியாக யோசியுங்கள்.

இந்த வாரம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். பள்ளிக்கு, மருத்துவச் சான்று கிடைத்த பிறகே சேர்வது பற்றி முடிவு செய்வேன், தவணை முறையில் கட்ட இயலுமா என்று எழுத்தில் தெரிவிக்கவும், என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அவர்கள் அனுப்பும் பதிலை அப்பாவும் அம்மாவும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.