எந்த இசை உங்களை அதிகம் உருக்கியிருக்கிறது? ராகத்துக்கும் உணர்ச்சிக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

நான் சொல்லப்போவதை இசை என்று ஒப்புக்கொள்வீர்களா தெரியவில்லை. என்னை உருக்கியது விசைத்தறிச் சத்தம்.

ஊர் பள்ளிபாளையம். காவிரிக்கு அந்தக் கரையில் ஈரோடு, இந்தக் கரையில் நாங்கள். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டியே பட்டறை, எட்டுத் தறி, துண்டும் லுங்கியும் ஓடும். ஆற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் ஆற்றின் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்க விட்டால்தானே.

தறி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். சாதாரணத் தறியில் நாடா, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை, நிமிடத்துக்கு 120, 150 தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாயும். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் பிக்கர் என்கிற பாகம் அதை அறைந்து அனுப்பும், எதிர்ப்பக்கப் பெட்டியில் அது போய் மோதும், நடுவில் அச்சு என்கிற சீப்பு முன்னால் வந்து அந்தக் குறுக்கு நூலை அடித்து இறுக்கும். இதை எட்டால் பெருக்கி, தகரக் கூரைக்குக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். 95, 100 டெசிபெல் சுலபமாக வரும். எட்டு மணி நேர வேலைக்கு 90தான் எல்லை என்று தொழிற்சாலை விதி சொல்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறவரிடம் எந்தக் காலத்தில் யார் மீட்டரைக் கொண்டுவந்து காட்டினார்கள்?

அந்தச் சத்தத்தில்தான் தூங்கி வளர்ந்தேன். நடுராத்திரி கரண்டு போனால் தெருவே விழித்துக்கொள்ளும். சத்தம் வந்து எழுப்புவதல்ல, சத்தம் நின்று எழுப்புவது. மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை மூளை கணக்கிலேயே வைப்பதில்லை, மாற்றம் வந்தால்தான் உலுக்கும் என்று பிறகு படித்தேன். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. கூலி, நெய்த துணியின் மீட்டர் கணக்கு. தறி நின்றால் காசு நின்றது. அம்மா எழுந்து உட்கார்ந்து இருட்டைப் பார்த்தபடி, "போயிருச்சாட்ட இருக்குது" என்பார். அவ்வளவுதான் பேச்சு. 2012ல் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது அந்த ஒரே வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. இப்போது பெங்களூரில் வேலை. ஆபீஸில் ஒருமுறை தியான வகுப்பு வைத்து, "கண்ணை மூடி அமைதியைக் கவனியுங்கள்" என்றார்கள். எனக்கு ஈ.பி. ஆபீஸ் போன் நம்பர்தான் ஞாபகம் வந்தது.

ராகம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீலாம்பரி தூங்க வைக்கும் என்கிறார்கள், கோயிலில் பள்ளியறை நேரத்தில் வாசிக்கிறார்கள். என்னைத் தூங்க வைக்க எட்டுத் தறி தேவைப்பட்டது. முகாரி என்றாலே அழுகை என்று பேச்சுவழக்கே உண்டு. ஆனால் சபரியின் பாக்கியத்தை எப்படிச் சொல்வேன் என்று தியாகராஜர் பூரித்துப்போகிற கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. ராகத்துக்குள் ஒன்றுமே இல்லை என்று வாதாட மாட்டேன். சுரங்கள் இழையும் விதமும் வேகமும் ஏதோ செய்யத்தான் செய்கின்றன. ஆனால் பெரும்பங்கு நாம் அதை எங்கே, யாரோடு கேட்டோம் என்பதிலிருந்து வருகிறது என்பது என் கட்சி. கெட்டிமேளம் கொட்டும்போது கண்கலங்காத பெண்வீட்டுக்காரர் யார்? சோக ராகமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, காதைப் பிளக்கும் சத்தம்.

இசை என்று எனக்கு முதலில் பிடிபட்டதும் பட்டறையில்தான். இரண்டு தறி ஒரே வேகத்தில் ஓடாது. பெல்ட் ஒன்று கொஞ்சம் வழுக்கும், மோட்டார் ஒன்று கொஞ்சம் பழசாக இருக்கும். அதனால் பக்கத்துப் பக்கத்துத் தறிகளின் அடி விலகிக்கொண்டே போகும், போய்ப் போய் ஒரு நொடி இரண்டும் ஒரே அடியாக விழும், மறுபடி பிரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாடாவுக்குள் வைக்கும் நூல்குழலான தார் சுற்றிக்கொண்டு அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வேலையைப் பார் என்றிருப்பார்கள். பல வருஷம் கழித்து ஒரு திருவிழாவில் இரண்டு தவில்காரர்கள் எங்கெங்கோ அலைந்துவிட்டுச் சடாரென ஒரே இடத்தில் வந்து விழுந்தபோது, உடம்பு சிலிர்த்தது. கூட்டம் கைதட்டியது. நானோ பட்டறை வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா. அவர் தறிகளுக்கு நடுவே நடக்கும்போது எப்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். வெற்றிலை போடுகிறவர், அதைத்தான் மெல்கிறார் என்று நினைத்திருந்தேன். 2020 மார்ச் 25 ஊரடங்கில் ஊரே நின்றது. பண்டிகைக்கு நிற்பது வேறு. அப்போது நாலு வீட்டில் டி.வி. அலறும். இது வேறு. ஊருக்கு வந்து மாட்டிக்கொண்ட நான் மூன்றாவதோ நாலாவதோ நாள் காலையில் பட்டறைப் பக்கம் போனேன். உள்ளே பாட்டு. ரேடியோ என்றுதான் எட்டிப் பார்த்தேன். அப்பா, ஓடாத தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நூலைத் துணியால் தட்டிக்கொண்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தார். டி.எம்.எஸ். பாடிய பழைய சோகப் பாட்டு ஒன்று. மெதுவாக இழுத்துப் பாட வேண்டிய பாட்டு. அவர் அதைத் தறி வேகத்தில் பாடினார், அடிக்கு அடி, மூச்சு வாங்குகிற இடம்கூட நாடா திரும்புகிற இடம். முப்பது வருஷமாக அப்படியேதான் பாடியிருக்கிறார். கூடவே ஆள் இருந்தும் யார் காதிலும் விழவில்லை. தறி இருக்கும் தைரியத்தில் பாடிய மனிதர், தறி நின்ற பிறகு தன் குரல் வெளியே கேட்கிறது என்று அறியாமல் பாடிக்கொண்டிருக்கிறார். சோகத்துக்கு உரிய இழுப்பு எதுவும் அந்தப் பாட்டில் மிச்சமில்லை. சுருதியும் அங்கங்கே விலகியது. நான் உள்ளே போகவில்லை. சந்தில் இருந்த சிமெண்ட் தொட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். கேள்வியில் கேட்டிருக்கிறீர்களே, அந்த இசை இதுதான்.

தன் குரல் வெளியே கேட்பதை அப்பா அறியாததற்குக் காரணம் அடுத்த வருஷம் காகிதத்தில் வந்தது. ஈரோட்டில் காதைச் சோதித்து வரைபடம் கொடுத்தார்கள். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குக் கோடு ஏறக்குறைய ஒழுங்காகப் போய், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணறு மாதிரி இறங்கியிருந்தது. வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களின் காது முதலில் கெடுவது அந்த இடத்தில்தானாம். உயிரெழுத்துகள் கேட்கும், வல்லினம் தேயும். கட்டு, தட்டு, பட்டு மூன்றுமே அவருக்கு 'அட்டு'. எங்கள் மேல் அவர் எரிந்து விழுந்த பாதி நாட்களுக்கு எனக்கு அன்றுதான் விளக்கம் கிடைத்தது. போதாததற்குக் காதிரைச்சல் வேறு. "தறிய நிறுத்துனாலும் உள்ள ஒண்ணு ஓடிக்கிட்டேதான் கண்ணு இருக்குது" என்றார். ஊரடங்கின் அமைதி எங்களுக்குத்தான். அவருக்கு அது வந்து சேரவே இல்லை.

காது மிஷின் மாட்டிய முதல் நாள் என் மகள் கூடத்தில் குறுக்கே ஓடினாள். "இவளுக்குக் கொலுசு எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டார். வாங்கிக் கொடுத்ததே அவர்தான், இரண்டு வருஷம் முன்னால்.

எல்லாம் இப்படி இனிப்பாகவே போகவில்லை. ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்டு முகம் சுளித்தார். "நாயனக்காரரு எதுக்கு இப்படி நடுக்கி நடுக்கி வாசிக்கறாரு?" நடுங்கியது மிஷின். பேச்சுக்காகச் செய்த கருவி அது. நீளமாக நிற்கும் சுரத்தைத் தன்னுள்ளிருந்தே வரும் விசில் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். மிஷின் கொடுத்த இடத்தில் சொன்னோம், பாட்டுக் கேட்பதற்கென்று மிஷினில் தனியாக ஒரு செட்டிங் வைத்துக் கொடுத்தார்கள், கொஞ்சம் தேவலை. இந்தத் தகவல் யாருக்காவது உதவலாம் என்றுதான் சொல்கிறேன், வீட்டில் பெரியவர்கள் "பாட்டுக் கேக்க நல்லால்ல" என்று மிஷினைக் கழற்றி வைத்தால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு அப்பா அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு தவிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தறி எட்டும் இப்போது நாலாகிவிட்டது, மற்றவை பழைய இரும்பு விலைக்குப் போயின. பெங்களூரில் தூக்கம் வராத ராத்திரிகளுக்காகப் போன தீபாவளிக்கு முன்னால் பட்டறைச் சத்தத்தை நாற்பது நிமிஷம் போனில் பதிந்து வைத்துக்கொண்டேன். அப்பா இங்கே வந்திருந்தபோது ஒருநாள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் போட்டுக் காட்டினேன். மிஷினைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, ஐந்தாறு நிமிஷம் அசையாமல் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

கண்ணைத் திறந்தவர், "மூணாந்தறியில பிக்கர் தேஞ்சிருக்குது" என்றார். "அம்மாவுக்குப் போன் போடு, மாத்தச் சொல்லு."